மஞ்சள் வினாக்கள் மீதான முறையீடுகள்: நடுவரின் நாட்குறிப்பு

மே 12

எங்கள் ஊர் நூலகம் நடத்திய படவினாப் போட்டியில், மஞ்சள் நிறப் பொருள்கள் பற்றிய சுற்றின் விடைகளை எதிர்த்து வந்த முறையீடுகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை இன்று ஏற்றேன். படம் இரண்டு விடைகளுக்கு இடம் தருமானால், வினா அமைத்தவரின் மனத்தில் எது இருந்தாலும், இரண்டுக்கும் மதிப்பெண் தரவேண்டும் என்பதே என் நிலை.

முதல் முறையீடு எளிதில் முடிந்தது. டென்னிஸ் பந்து பச்சை நிறம் என்றும் அதை இச்சுற்றில் சேர்த்ததே தவறு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காக 1972இல் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு கொண்டுவந்த பந்தை விதிகள் மஞ்சள் என்றே குறிப்பிடுகின்றன. விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளைப் பந்தை விடாமல் வைத்திருந்தது. முறையீட்டைத் தள்ளினேன்.

மே 13

சாலையில் உதிர்ந்துகிடக்கும் மஞ்சள் பூக்களின் படத்துக்குச் சரக்கொன்றை என்பது குழுவின் விடை. இயல்வாகை என்று எழுதிய மூவர் முறையிட்டிருக்கிறார்கள். மரம் தெரிந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது, ஏனெனில் கொன்றையின் பூக்கள் சரமாகக் கீழே தொங்கும், இயல்வாகையின் பூங்கொத்துகளோ கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். உதிர்ந்த பூவிலும் கொன்றையை அதன் வளைந்து நீண்ட மூன்று மகரந்தத்தாள்களால் அறியலாம். இயல்வாகையின் இதழ்கள் கசங்கியவை போல இருக்கும். ஆனால் நின்ற உயரத்திலிருந்து எடுத்த இப்படத்தில் இவற்றில் எதையும் காணமுடியவில்லை. இரண்டும் ஐந்து இதழ்கள் கொண்டவை, இரண்டும் கோடையில் பூப்பவை. ஆகவே இரண்டையும் ஏற்றேன். குழுவில் ஒருவருக்கு இதில் வருத்தம்தான். ஆயினும் தெருவில் பார்த்த பூவைச் சரியாக நினைவுகூர்ந்தவருக்குச் சுழியம் தருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மே 15

இரண்டு நாளாக மனத்தை விட்டு அகலாத முறையீடு சூரியனைப் பற்றியது. பொன்னிறத் தீக்கோளமாகச் சூரியனைக் காட்டும் படத்தின் கீழே, "சூரியனின் உண்மையான நிறம் மஞ்சள்: சரியா, தவறா?" என்று கேட்கப்பட்டிருந்தது. "தவறு" என்றவருக்கு மதிப்பெண் இல்லை. வளிமண்டலத்துக்கு அப்பாலிருந்து பார்த்தால் சூரியன் வெண்மையாகவே தெரியும். காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால்தான் அடிவானத்தை நெருங்கும்போது மஞ்சளாகவும் பின்னர் சிவப்பாகவும் மாறுகிறது. படமும் சான்றாகாது. அது 2010இல் நாசா ஏவிய சூரிய இயக்கவியல் ஆய்வகம் 17.1 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரில் எடுத்தது; பொன்னிறம் பிற்பாடு ஊட்டப்பட்டது. வானியலாளர் சூரியனை மஞ்சள் குறுமீன் என்னும் விண்மீன் வகையில் சேர்ப்பதைக் குழு எடுத்துக்காட்டியது. அது வகையின் பெயர். வினாவோ உண்மையான நிறத்தைக் கேட்கிறது. "தவறு" என்பதே சரியான விடை என்று தீர்ப்பெழுதினேன்.

மே 16

கடைசி முறையீடு ஒரு பள்ளி மாணவியுடையது; தங்கம் போல மின்னும் பைரைட் என்னும் கனிமத்தின் படத்துக்குத் தங்கம் என்று எழுதியிருந்தார். கூர்விளிம்புக் கனசதுரங்களும் அவற்றின் முகங்களில் ஓடும் மெல்லிய இணைகோடுகளும் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. இயற்கைத் தங்கத்தில் அத்தகைய கோடுகள் அமைவதில்லை. மதிப்பெண் தர வழியில்லை என்றாலும் காரணத்தை விரிவாக எழுதி, மெருகிடாத பீங்கானில் உரைத்தால் தங்கம் பொன்னிறக் கோட்டையும் பைரைட் பச்சை கலந்த கருங்கோட்டையும் விடும் என்பதையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்த போட்டியில் கனிமப் படங்களோடு அந்த உரைகோட்டின் படத்தையும் வைக்கும்படி குழுவிடம் கேட்டிருக்கிறேன்.