மூன்றாம் மாடி வீட்டுக்கான விண்ணப்பம்

மார்ச் 4
வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். படத்தில் கூடம் மைதானம்போலத் தெரிந்தது. அகலக் கோண லென்ஸின் உபயம். நேரில் ஒரு சோபா போட்டால் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். இருந்தாலும் பிடித்துப்போனது. சமையலறையில் நல்ல வெளிச்சம், குழாயில் தண்ணீர் வேகமாக விழுகிறது. குளியலறையில் வாஷ்பேசினுக்குக் கீழே மட்டும், ஒரு முழ அகலத்துக்குப் புதுப் பெயின்ட். விரலை வைத்தால் ஒட்டியது. ஈரம் இறங்குகிறதா என்று கேட்டேன். “பராமரிப்பு சார்” என்றார் தரகர். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

மார்ச் 5
படிவம் வந்தது. சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், அலுவலகத்திலிருந்து கடிதம், இப்போதைய வீட்டு உரிமையாளரின் நற்சான்று, கடன் வரலாற்றைப் பார்க்க ஒப்புதல். இத்தனைக்கும் மேலே விண்ணப்பக் கட்டணம். வீடு கிடைக்காவிட்டாலும் திரும்பக் கிடைக்காது. மருந்துக் கடையில் நான் செலவழித்ததுகூட வங்கி விவரத்தில் வரிவரியாக இருக்கிறது. அதையெல்லாம் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து படிக்கப்போகிறார். நான் கேட்டதோ ஒரு சுவரைப் பற்றி.

மார்ச் 7
விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சம்பளச் சீட்டில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், அடையாள அட்டையில் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். கோப்பின் அளவு பெரிது என்று அதுவும் திரும்பியது. சுருக்கினால், எழுத்து தெளிவாக இல்லையாம்.

மார்ச் 11
வாடகையைப்போல் மூன்று மடங்கு மாத வருமானம் வேண்டும் என்பது அவர்கள் விதி. எனக்குக் கொஞ்சம் குறைகிறது. ஒன்று முன்பணத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஜாமீனுக்கு ஆள் வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டாள். அவளுடைய வருமானச் சான்றும் வங்கி விவரமும் வேண்டும் என்றதும், “வீடு உனக்கு, விசாரணை எனக்கா?” என்றாள். ஆனாலும் அன்றிரவே அனுப்பிவிட்டாள்.

மார்ச் 14
பதில் இல்லை. விளம்பரம் மட்டும் அப்படியே இருக்கிறது. எத்தனை பேரிடம் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள் என்று தரகரிடம் கேட்டேன். அது மற்றவர்களின் அந்தரங்கமாம், சொல்லக் கூடாதாம். அந்தரங்கத்தைப் பற்றி இவர் பேசுகிறார்!

மார்ச் 17
ஒரு வரி மின்னஞ்சல்: வேறொருவருக்கு முடிவாகிவிட்டது. காரணம் இல்லை. காரணத்தைக் கேட்டும், எங்கள் ஆவணங்களை அழிக்கச் சொல்லியும் எழுதினேன். “உங்கள் செய்தி கிடைத்தது” என்று தானியங்கிப் பதில் வந்தது.

மார்ச் 20
தரகரே அழைத்தார். குரலில் தேன். முடிவான ஆள் பின்வாங்கிவிட்டாராம், வீடு இன்னும் உங்களுக்குத்தான் என்றார். ஒரு சின்ன விஷயம்: பழைய விண்ணப்பத்தை மூடிவிட்டதால் புதிதாகக் கட்டணம் கட்டிப் படிவம் நிரப்ப வேண்டும். வாடகையும் சற்றே ஏறியிருக்கிறது. அப்படியென்றால் அந்த மூன்று மடங்குக் கணக்கில் நான் இன்னும் கீழே அல்லவா போவேன் என்றேன். “அதைப் பார்த்துக்கொள்ளலாம் சார்.” போன வாரம் பார்த்துக்கொள்ள முடியாதது இந்த வாரம் எப்படி முடிகிறது?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொன்னதும், “அது போகட்டும், முதலில் என் காகிதங்களைத் திரும்ப வாங்கு” என்றாள்.