தால்யாவில் போட்ட வெள்ளைத் திராட்சை: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

தால்யா என்பது போர்ச்சுகலின் அலென்தேஜோ பகுதியில் ஒயின் போடும் மண்தாழி. ரோமானியர் காலத்துப் பழக்கம் என்பார்கள், விலா டி ஃப்ராடிஸ் ஊர்ப் பக்கம் ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் ஆள் உயரத் தாழிகளை இன்றும் பார்க்கலாம். இங்கே குடிவந்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை. நான் வாங்கியது ஐம்பது லிட்டர் பழைய தாழி. வாங்கும்போது கைவிட்டுத் தடவிப் பார்த்தது உள்பூச்சைத்தான், ஏனென்றால் உருக்கிய பைன் பிசின் பூசியிருக்காவிட்டால் மண்ணே ஒயினைக் குடித்துவிடும்.

செப்டம்பரில் அந்தாவ் வாஸ் திராட்சை கிடைத்தது, இந்த வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கிற வெள்ளை ரகம். நசுக்கி, சாறு, தோல், விதை எல்லாவற்றையும் சேர்த்தே கொட்டினேன், காம்பிலும் ஒரு பங்கை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். ஈஸ்ட் வாங்கிப் போடவில்லை, பழத்தோடு வந்ததே போதும். மறுநாளே பொங்க ஆரம்பித்தது.

அப்புறம்தான் வேலையே. நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி ஒரு கெட்டி மூடியாக்கிவிடும், அதைக் காலையிலும் மாலையிலும் மரத்துடுப்பால் அமுக்கி உள்ளே இறக்க வேண்டும். விட்டால் வாயு போக வழியில்லாமல் தாழியே வெடிக்கும், பெரிய தாழி வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் கதை இல்லை. சூட்டுக்கு ஈரச் சாக்கைச் சுற்றினேன், நன்றாகவே வேலை செய்தது. சர்க்கரை சாராயமாக மாற மாற சாற்றின் அடர்த்தி குறையும், அது 1.090-இலிருந்து 0.995-க்கு இறங்கியதும் அமைதியாகிவிட்டது. தோல் தானாக அடியில் படிந்தது, மேலே காற்றுப் படாமலிருக்க ஆலிவ் எண்ணெயை மெல்லிசாக ஊற்றி மூடினேன்.

திறப்பது நவம்பர் 11, சாவ் மார்ட்டின்யு நாள், அதாவது புனித மார்ட்டின் திருநாள். 2010-இல் வந்த தால்யா ஒயின் சான்றுக்கும் அதுவரை தோலோடு கிடக்க வேண்டும் என்பதுதான் விதி. நான் விற்கப் போவதில்லை, இருந்தாலும் ஊரோடு ஒத்துப்போவோமே.

அடித்துளையின் தக்கையைத் தட்டி மரக்குழாயைச் செருகியதும் முதலில் வந்தது கலங்கல். அதைத் திரும்ப மேலேயே ஊற்றி, ஊற்றி, கொஞ்ச நேரத்தில் தெளிந்த பொன்னிறத்தில் ஒழுக ஆரம்பித்தது. எல்லோரும் மண்ணின் மணம், பழமை என்று பேசுகிறார்கள், எனக்கென்னவோ இந்த முறையின் உண்மையான சாமர்த்தியம் காம்பில்தான் இருக்கிறது என்று படுகிறது. அடியில் தோலுக்கு நடுவே அது இடைவெளி கொடுப்பதால்தான் வண்டலே வடிகட்டியாகிறது, வேறு பம்பும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

ருசி? உலர்ந்த ஆப்ரிகாட், லேசான பிசின் வாசம், நாக்கில் தேயிலைத் துவர்ப்பு. குளிரவைத்த வெள்ளை ஒயின் பழகியவர்களுக்கு முதல் மிடறு பிடிக்காது. சுட்ட செஸ்ட்நட்டோடு குடித்தால் சரியாக இருக்கிறது.

பாதியைப் புட்டியில் அடைத்துவிட்டேன். மீதி தாழியில் இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் அதையும் காலி செய்ய வேண்டும்.