எழுதிச் சம்பாதிக்க வழி கேட்பவர்களுக்கு

"வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிக்க வழி சொல்லுங்கள் அக்கா" என்று உள்பெட்டியில் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு மொத்தமாக ஒரு பதில்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். எழுதுகிறவருக்குத்தான் பணம் வர வேண்டும்.

அடுத்து, வேலை தருவதற்கு முன் எழுதித் தரச் சொல்லும் இந்த 'மாதிரிக் கட்டுரை'. சென்ற மாதம் ஒரு நிறுவனம் கேட்டது: சர்க்கரை நோயாளிகளுக்கான காலை உணவு, 1,200 சொற்கள், துணைத்தலைப்புகள், கேள்வி பதில் பகுதியோடு, மறுநாள் காலைக்குள், இலவசமாக. மாதிரிக்கு எதற்கு இத்தனை அவசரம்? ஏற்கெனவே வெளியான என் கட்டுரைகளின் இணைப்புகளை அனுப்பினேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

சொந்த வலைத்தளம் வைத்திருந்தால், அதில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழையும் ஏற்கிறது. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் கையில் கொடுப்பார்கள். அதற்குள் பொறுமை கரைந்துவிடும். வாடகை கட்ட உதவுவது மொழிபெயர்ப்பும் விளம்பர வாசகங்களும்தான். கவிதையை அதற்கு நம்பாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எழுத வைத்த நிறுவனம் உங்கள் ஊதியத்தில் 10 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டால் பதற வேண்டாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாத புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.