லாம்டாவுக்கு மாறியதும் கோடு நேரானது

நட்சத்திர வெளிச்சத்தை அளந்து நான் வரையும் கோட்டில், மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடாத சாய்வு நேற்று ராத்திரி ஒருவழியாகப் போய்விட்டது. ஆரிகா விண்மீன் குழுவில் உள்ள எப்சிலான் ஆரிகே என்ற நட்சத்திரம் மேற்கே சாயச் சாய, என் கேமரா அளவுகளில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகிக்கொண்டே போகும். பச்சைச் சேனலில் லேசாகத்தான். நீலத்தில் 0.05 மேக்னிடியூட் (வெளிச்ச அளவு, எண் கூடினால் மங்கல்) வரை. உயர வித்தியாசத்துக்கான காற்றுத் திருத்தத்தையெல்லாம் போட்ட பிறகும் இதே கதை.

நீலத்தில் மட்டும் ஏன் அதிகம் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. பக்கத்திலேயே இருக்கிறது, வெளிச்சமும் ஏறக்குறைய அதே அளவு என்று அதே குழுவின் ஈட்டா நட்சத்திரத்தை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேன். அதுவோ நல்ல நீல நட்சத்திரம். அடிவானத்தை நெருங்கும்போது காற்று அதன் ஒளியைத்தான் அதிகமாகத் தின்னும். ஈட்டா மங்கியதை எப்சிலான் பிரகாசமானதாகப் படித்திருக்கிறேன். நிறத்தில் எப்சிலானுக்கு நெருக்கமான, அதே குழுவின் லாம்டாவுக்கு மாறினேன். நான்கு மணி நேரப் படங்களும் 0.02-க்குள் அடங்கிவிட்டன. ஒப்பீட்டுக்குப் பக்கத்து ஸீட்டாவைத் தொடவே வேண்டாம், அதுவே கிரகண இரட்டை, ஒன்றை மற்றொன்று மறைக்கும் ஜோடி.

லாம்டாவைவிட எப்சிலான் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வெளிச்சம். லாம்டா தெரியும்படி எக்ஸ்போஷர் வைத்தால் எப்சிலான் பொங்கி வழிந்துவிடும். அதனால் ஃபோகஸைத் தளர்த்தி இரண்டையும் சின்ன வட்டத் தட்டுகளாக்கினேன். அந்த நிலையில் வளையத்தில் செலோடேப் ஒட்டியாக வேண்டும். ஒட்டாத ராத்திரியில் லென்ஸ் கீழே இறங்கி, ஒரு மணி நேரத்தில் தட்டு புள்ளியாகிவிட்டது. டேப்பில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.  

நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் எப்சிலானின் துணை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசுத்தட்டுதான். 27 வருடத்துக்கு ஒருமுறை அது குறுக்கே வந்து, நட்சத்திரத்தை இரண்டு வருடம்போல 2.9-லிருந்து 3.8-க்கு இறக்குகிறது. பொடித்தூசாக இருந்தால் அந்திச் சூரியனைப்போல நீலம்தான் அதிகம் மங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நிறங்களிலோ மங்கல் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. 2009 கடைசியில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் பல தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்த சாரா இன்டர்ஃபெரோமீட்டர் அகச்சிவப்பில் எடுத்த படங்களில் அந்தத் தட்டின் நிழல் நட்சத்திரத்தின் மேல் நகர்வதே தெரிகிறது. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவுகள் தட்டின் வெப்பத்தை 550 கெல்வின் என்கின்றன. தட்டுக்குள் ஒளிந்திருக்கும் சூடான, நீல நிற பி வகை நட்சத்திரம் புறஊதாவில்தான் தலைகாட்டுகிறது. எனக்கு வாய்த்தது நடுவில் உள்ள மூன்று நிறங்கள். அதையாவது சுத்தமாக அளக்க வேண்டும்.

அடுத்த கிரகணம் 2036-ல். அதுவரை, கிரகணம் இல்லாதபோதும் எப்சிலான் 0.1 அளவுக்கு ஏறி இறங்குவதைத் தொடரலாம். ஸீட்டாவையும் எடுக்க ஆசை: 972 நாளுக்கு ஒருமுறை அதன் நீலத் துணை மறைகிறது, நீலச் சேனலில் சரிவு நன்றாகவே விழும். மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராவுக்குக் காசும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்புச் சேனலை இன்னும் பிரிக்கவே இல்லை. வானம் விட்டால் சனிக்கிழமை.