பெயரைப் பார்க்காதீர்கள், லைட்டைப் பாருங்கள்: ஆர்டிஎம் செய்முறைப் பரீட்சை அனுபவம்

பெறுபேறு வந்து நாலு நாள் ஆகிறது. இந்த முறை பாஸ். போன முறை இதே மூன்றாம் பணியில் விழுந்து, ஆறு மாதம் பொறுத்து மறுபடி செய்தேன். கிளிநொச்சி, வவுனியா பக்கம் இந்த மேடை லைட் பாடநெறியில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதுகிறேன். கேபிள் பூட்டுவது, மின் பாதுகாப்பு, எழுத்துப் பரீட்சை எதையும் தொடமாட்டேன். அவை உங்களுக்குத் தெரியும். லைட்டுகளை மென்பொருளால் தேடிப் பிடித்து, முகவரி கொடுத்து, வரிசையாக ஓடவிடுகிற அந்த முக்கால் மணி நேரம் பற்றித்தான் பேச்சு. டிஎம்எக்ஸ் என்பது மேடை லைட்டுகளுக்குக் கம்பியில் கட்டளை அனுப்பும் முறை. ஆர்டிஎம் என்பது அதே கம்பியில் லைட்டும் திருப்பிப் பேசும் முறை.

முதல் தடவை நான் செய்தது இது. ட்ரஸில், அதாவது லைட் தொங்கும் சட்டத்தில், ஒரே மாடல் மூவிங் ஹெட் (தலை திரும்பும் லைட்) எட்டு. லப்டொப்பில் டிஸ்கவரி (லைட்டுகளைத் தேடும் பொத்தான்) அழுத்தினேன், எட்டும் பட்டியலில் வந்துவிட்டன. பெரிய சந்தோஷம். ஒவ்வொன்றுக்கும் 16 சானல் (கட்டளை எண்) வேண்டும், அதனால் அவை தொடங்கும் எண்ணை, அதாவது முகவரியை, மேலிருந்து கீழாக 1, 17, 33, 49, 65, 81, 97, 113 என்று மளமளவென்று கொடுத்து முடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பரீட்சகர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரியவிடச் சொன்னார். முதலில் ஐந்தாவது எரிந்தது. அடுத்து இரண்டாவது, பிறகு கடைசி. எனக்குக் கை விறைத்துவிட்டது. கேபிள் பிழை என்று நினைத்துக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். நேரம் முடிந்தது.

கேபிளில் ஒரு பிழையும் இல்லை. பட்டியலில் இருந்த வரிசை, லைட் தொங்கும் வரிசை அல்ல. அது யூஐடி வரிசை. ஒவ்வொரு ஆர்டிஎம் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் எண் ஒன்று வைக்கிறார்கள். முதல் 16 பிட் தயாரிப்பாளருடையது, மீதி 32 பிட் அந்தக் கருவிக்கு மட்டும் உரியது. மென்பொருள் தேடும் விதமும் இந்த எண்ணை வைத்துத்தான். முதலில் எல்லோரையும் பேச அனுமதிக்கும். பிறகு "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். பல லைட் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் பதில்கள் மோதிக் குழம்பும். உடனே எல்லையைப் பாதியாக வெட்டி மறுபடி கேட்கும். ஒன்று மட்டும் தெளிவாகப் பதில் சொன்னால் அதைப் பிடித்து, "இனி நீ பேசாதே" என்று மியூட் பண்ணிவிட்டு அடுத்ததைத் தேடும். இதில் எந்த இடத்திலும் லைட் எங்கே தொங்குகிறது என்ற தகவல் இல்லை. கம்பியில் எது முன்னே எது பின்னே என்றும் மென்பொருளுக்குத் தெரியாது. வகுப்பில் இதை நான் படித்திருந்தேன், கேள்வி வந்தால் படமும் கீறியிருப்பேன். ஆனால் கை வேலையில் அது வரவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஐடென்டிஃபை. இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் போதும். பட்டியலில் ஒரு யூஐடியைத் தொட்டு ஐடென்டிஃபையை ஒன் பண்ணினால், அந்த லைட் மின்னும், அல்லது வேறு ஏதாவது செய்து தன்னைக் காட்டும். ஆர்டிஎம் தரத்தில் இது கட்டாய வசதி, ஆகவே எந்த ஆர்டிஎம் லைட்டிலும் இருக்கும். நான் இப்போது வைத்திருக்கும் பழக்கம்: மென்பொருளைத் திறக்குமுன் ட்ரஸுக்குக் கீழே நடந்து எண்ணி, ஒரு கடதாசியில் எட்டுப் பெட்டி கீறுவேன். பிறகு ஒவ்வொரு யூஐடியாக மின்னவிட்டு, அதன் கடைசி நாலு இலக்கத்தை அது மின்னிய பெட்டிக்குள் எழுதுவேன். எட்டும் நிரம்பும் வரை ஒரு முகவரியையும் தொடமாட்டேன். ஆறு நிமிடம் போகும். போகட்டும்.

இந்தப் பழக்கம் எனக்குப் பரீட்சை மண்டபத்தில் வரவில்லை. புதுக்குடியிருப்பில் மாமா லைட், சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கிறார். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு ஆட்கள் போகிற காலத்தில் அந்தப் பக்கம் எங்களுக்கு நல்ல வேலை. அவரிடம் கொழும்பில் பழையதாக வாங்கிய மூவிங் ஹெட் நாலு இருக்கிறது, ஆர்டிஎம் உள்ளது. மற்ற பார் லைட் எல்லாம் டிஎம்எக்ஸ் மட்டும் கேட்கும், திருப்பிப் பேசாது. நான் அந்த நாலையும் முற்றத்தில் வைத்து, தங்கச்சியைக் கூப்பிட்டு இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, வீட்டுக்குள்ளிருந்து கண்டுபிடித்துப் பழகினேன். கரண்ட் போகிற நாளில் ஜெனரேட்டர். இரண்டு கிழமையில் கை தானாக ஐடென்டிஃபைக்குப் போகத் தொடங்கியது. தனியாக இருந்து செய்து பழகுகிறவன் நான். குழுவாகப் படிக்கிறவர்கள் ஒருவர் குழப்பி வைக்க மற்றவர் கண்டுபிடிக்கலாம், அது இன்னும் நல்லது.

பட்டியலே வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது? என்னுடைய வரிசை:

- ஸ்பிளிட்டர், அதாவது கம்பியைப் பல கிளையாகப் பிரிக்கும் பெட்டி. சாதாரண டிஎம்எக்ஸ் ஸ்பிளிட்டர் ஒருவழிப் பாதை. லைட் எரியும், அசையும், எல்லாம் சரிபோல இருக்கும், ஆனால் பதில் திரும்பி வராது. ஆர்டிஎம் என்று எழுதியிருக்கும் ஸ்பிளிட்டரா என்று பாருங்கள்.
- டெர்மினேட்டர், அதாவது கம்பியின் முடிவில் பூட்டும் மின்தடை. கடைசி லைட்டின் அவுட்டில், 2ஆம் 3ஆம் பின்னுக்கு நடுவே 120 ஓம். வெறும் டிஎம்எக்ஸில் இது இல்லாமலும் வேலை நடந்துவிடும். ஆர்டிஎம்மில் அந்த அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள்.
- மைக் கேபிள். இங்கே எல்லோரும் அதைத்தான் பாவிக்கிறோம். டிஎம்எக்ஸுக்குரிய கேபிள் அல்ல அது. பரீட்சையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்.
- யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், அதாவது லப்டொப்பை டிஎம்எக்ஸ் கம்பியோடு இணைக்கும் பெட்டி. விலை குறைந்தவற்றில் பல அனுப்ப மட்டும்தான். பயிற்சிக்கு வாங்குகிறவர்கள் ஆர்டிஎம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

நோட் (வலையமைப்பையும் டிஎம்எக்ஸ் கம்பியையும் இணைக்கும் பெட்டி) வழியாகப் போகும் வலையமைப்பு என்றால் அது வேறு தலைவலி. அதில் டிஎம்எக்ஸை அனுப்பும் முறைகள்தான் ஆர்ட்-நெட், எஸ்ஏசிஎன். ஆர்ட்-நெட் நோட்டுகள் பெரும்பாலும் 2 அல்லது 10 இல் தொடங்கும் ஐபியோடு, 255.0.0.0 மாஸ்க்கோடு வரும். உங்கள் லப்டொப் 192.168 இல் இருந்தால் நோட்டே தெரியாது, அதற்குப் பின்னால் தொங்கும் லைட் எங்கே தெரியப்போகிறது. வைஃபையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் அந்தப் பக்கம் போய்த் தேடிக்கொண்டிருக்கும். ஃபயர்வோலில் யூடிபி 6454 திறந்திருக்கிறதா பாருங்கள். யூனிவர்ஸ் (ஒரு கம்பியில் போகும் சானல் தொகுதி) எண்ணும் கவனம்: ஆர்ட்-நெட் 0 இலிருந்து எண்ணும், எஸ்ஏசிஎன் 1 இலிருந்து. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இந்தப் பகுதி இரண்டு தடவையும் சிக்கல் தரவில்லை.

மென்பொருள் எது என்று பலர் கேட்கிறார்கள். நான் வீட்டில் பழகியது ஓஎல்ஏ என்கிற ஓபன் லைட்டிங் ஆர்க்கிடெக்சரில். இலவசம், லினக்ஸில் ஓடும், பிரவுசரில் 9090 போர்ட்டில் திறக்கும். பரீட்சையில் வைத்திருந்தது வேறு. பொத்தான்களின் இடம்தான் மாறும், உள்ளே போகும் கட்டளை ஒன்றே. மென்பொருளின் படங்களை மனப்பாடம் பண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, இரண்டாம் தடவை. நடந்து எண்ணினேன், எட்டு. தேடினேன், ஏழு. போன முறை என்றால் ஏழு என்பதையே கவனித்திருக்கமாட்டேன், கடதாசியில் எட்டுப் பெட்டி இருந்ததால் உடனே பிடிபட்டது. கடைசி லைட்டுக்குப் போனேன், டெர்மினேட்டர் இல்லை, மேசையில் பெட்டிக்குள் கிடந்தது. பூட்டித் தேடினேன், எட்டும் வந்தன. ஒவ்வொன்றாக மின்னவிட்டுப் பெட்டிகளை நிரப்பினேன். அப்போது இன்னொன்று தெரிந்தது: ஒரு லைட் மட்டும் 24 சானல் பர்சனாலிட்டியில் (எத்தனை சானலில் ஓடுவது என்ற அமைப்பில்) இருந்தது. நான் அப்படியே 16, 16 ஆகக் கொடுத்திருந்தால் அது பக்கத்து லைட்டின் 8 சானலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே பர்சனாலிட்டி முதலில், முகவரி அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். இடமிருந்து வலமாக ஓடவிடச் சொன்னார். ஓடியது. அந்த எட்டு வெளிச்சமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

புள்ளி போகும் சின்ன இடங்கள் சில:

ஐடென்டிஃபையை ஓஃப் பண்ண மறக்காதீர்கள். நீங்களாக நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

லேபிள் (லைட்டுக்கு நாங்கள் வைக்கும் பெயர்) கேட்டால் 32 எழுத்துக்குள், இங்கிலீஷ் எழுத்தில். எல்லா லைட்டிலும் லேபிள் வசதி இருக்காது, அது கட்டாயம் அல்ல. வராவிட்டால் பதறாமல் பரீட்சகரிடம் சொல்லுங்கள்.

முகவரி மாற்றிய பிறகு திருப்பி வாசித்துப் பாருங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று லைட்டையே கேட்பதுதான் இந்த முறையின் பயன்.

ஓடவிடுமுன் பின்னணித் தேடலை நிறுத்துங்கள். ஆர்டிஎம் பொதி வேறு ஸ்டார்ட் கோடோடு (இது என்ன வகைப் பொதி என்று தொடக்கத்தில் சொல்லும் எண்) அதே கம்பியில்தான் போகிறது. சில பழைய மலிவு லைட்டுகள் அந்தக் கோடைப் பார்க்காமல் அதையும் வெளிச்ச அளவு என்று எடுத்துக்கொண்டு துடிக்கும். மாமாவின் பார் லைட்டில் இதை நான் கண்ணால் கண்டது ஒரு கோயில் திருவிழா இரவில், கூத்து நடந்துகொண்டிருக்கும்போது. மேடையில் நின்ற அண்ணை ஒருவர் திரும்பிப் பார்த்தார். லப்டொப்பில் பின்னணித் தேடலுக்கான டிக்கை எடுத்துவிட்டேன், துடிப்பு நின்றது.