முதலில் அந்த டேப் மானிட்டர் பட்டனைப் பாருங்கள்

பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "கெபாசிட்டர் மொத்தத்தையும் மாத்திடணுமா?" என்பதுதான். போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சின்ன உருளைகள்தான் கெபாசிட்டர். யூடியூபில் யாரோ ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு போர்டு முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசாக வரிசை கட்டி வைப்பார், பார்த்தால் நமக்கும் கை பரபரக்கும். நான் அந்தக் கட்சி இல்லை. எழுபது, எண்பதுகளில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சென்னையிலேயே தங்கிவிட்ட ஜப்பான் செட்டுகளைத் திறந்து பார்த்தவரைக்கும், இங்கே அவற்றைக் கெடுப்பது வயசைவிட இந்த ஊர்க் காற்றுதான். உப்பும் ஈரமும். முதலில் சுத்தம் பண்ணுவோம், மாற்றுவதெல்லாம் அப்புறம்.

சமீபத்தில் திருவான்மியூர் வீடு ஒன்றிலிருந்து ஒரு சான்சூயி ஆம்ப் வந்தது. சேனலுக்கு 30 வாட், வெள்ளி முகப்பு, திருகினால் கெட்டியாகத் திரும்பும் வால்யூம் குமிழ். "அவுட்புட் போயிடுச்சு சார், விட்டுருங்க" என்று மெக்கானிக் சொல்லிவிட்டதால் காயலான் கடைக்குப் போக இருந்தது. விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரை இணைக்கிற ரிலே 'டிக்' என்கிறது, சத்தம் மட்டும் இல்லை. பார்த்தால் டேப் மானிட்டர் அழுத்தியபடி இருக்கிறது! பாட்டை கேசட் டெக்குக்கு அனுப்பி அங்கிருந்து திரும்ப வாங்குவதற்காக வைத்த பட்டன் அது. பின்னால் டெக் இல்லையென்றால் போன சிக்னல் திரும்பி வராது, ஆம்ப் ஊமை. கேசட் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை, ஆனால் இந்த ஒரு பட்டனாலேயே எத்தனை நல்ல செட்டுகள் எடைக்குப் போயிருக்குமோ.

பட்டனை வெளியே எடுத்ததும் பாடியது, அதுவும் ஒரு பக்கம்தான். வால்யூமை நன்றாக ஏற்றினால் இன்னொரு பக்கமும் சட்டென்று உயிர் பெறுகிறது, இறக்கினால் மறுபடி காணோம். இதைத்தான் 'டிரான்சிஸ்டர் வீக்' என்று சொல்லி ஜோடி மாற்றிக் காசு வாங்குவார்கள். உண்மையில் ரிலேயின் தொடுமுனையில் கறை படிந்திருக்கும். சின்ன சிக்னல் அந்தக் கறையைத் தாண்டாது, பெரிய சிக்னல் முட்டிக்கொண்டு போய்விடும். டேப் மானிட்டர், ஸ்பீக்கர் ஏ/பி சுவிட்சுகளிலும் இதே கதைதான். சுவிட்சுக்கு உள்ளே கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, முன்னும் பின்னும் பொறுமையாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வால்யூமுக்கு எண்ணெய்ப்பசை கொஞ்சம் உள்ள கிளீனர்தான் சரி. கதவுக் கீலுக்கு அடிக்கிற டபிள்யூடி-40ஐ தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள்.

இந்தக் கோளாறெல்லாம் தெரியவருவது கரன்ட் கொடுத்த பிறகு. கொடுக்கும் முன்னால் ஒரு சடங்கு உண்டு: சீரிஸ் லேம்ப். 100 வாட் குண்டு பல்பை லைனில் தொடராகப் போட்டு அதன் வழியாக செட்டை எழுப்ப வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்ல சகுனம், பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், பிளக்கை உருவிவிடலாம். எல்இடி பல்பு இதற்கு வேலைக்கு ஆகாது. பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்றும் பாருங்கள். ஜப்பானிலேயே விற்க என்று செய்தவை 100 வோல்ட். நம் 230ஐ நேராகக் கொடுத்தால் புகைதான். ஸ்பீக்கரை மாட்டும் முன் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டிசி எவ்வளவு என்று அளந்துவிட வேண்டும், 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தைரியமாக மாட்டலாம்.

நான் சும்மா விடாத ஒன்று, மஞ்சள் பசை. பெரிய கெபாசிட்டர்கள் ஆடாமல் இருக்க அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளில் அடியில் தடவிய பசை, சூட்டில் வெந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். அப்படி ஆனபின் அது கரன்டைக் கடத்தும், பக்கத்து டையோடு, ரெசிஸ்டர் கால்களையும் அரிக்கும். இந்த சான்சூயியில் ஒரு டையோடின் கால் பச்சை பூத்து, மூங்கில் குச்சியால் தொட்டதும் ஒடிந்தது. பசையை முழுக்கச் சுரண்டி எடுத்தேன், அரிபட்ட டையோடையும் உச்சி உப்பியிருந்த இரண்டு கெபாசிட்டரையும் மாற்றினேன், அவ்வளவுதான். கெபாசிட்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும். தாங்கும் சூடு 105 டிகிரி என்று போட்டதாகப் பார்த்து, நாலு கடை கேட்டு வாங்குங்கள். 3055 மாதிரி பவர் டிரான்சிஸ்டர்களில் போலி அதிகம், அதனால்தான் ஒரிஜினல் உயிரோடு இருக்கும்போது அதைக் கழற்றவே கூடாது என்கிறேன்.

ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் இந்த தத்துவம் செல்லாது. கீழ் ஸ்தாயிக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபரைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் நம் ஊரில் அது பொடியாக உதிர்வது நிச்சயம். அதற்காகக் கோன் பேப்பர், வாய்ஸ் காயில் எல்லாம் மாற்றி ரீகோனிங் செய்ய வேண்டியதில்லை, வளையத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கடையில் அடித்துச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து ராத்திரி கேட்க உட்காரும்போது 'லவுட்னஸ்' பட்டனை அழுத்துங்கள். ஆடியோ பிரியர்கள் சிலர் இதை ஒரு பாவம் போலப் பார்ப்பார்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குக் கீழ் ஸ்தாயிதான் முதலில் தேயும். ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பட்டன். பக்கத்து ஃபிளாட்டில் குழந்தை தூங்குகிற நேரத்தில், ஒரு பழைய கச்சேரி எல்பி இசைத்தட்டில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி இருக்கிறதா என்றே தெரியாத அளவில் வைத்துக் கேட்டுவிட்டு, பட்டனை அழுத்திப் பாருங்கள், தொப்பியின் அந்தக் கும்கி நாதம் எழுந்து வரும்.

எல்பி என்றதும் இன்னொரு வேலை பாக்கி இருப்பது ஞாபகம் வருகிறது. சான்சூயியோடு வந்த டர்ன்டேபிள் அமெரிக்காவில் வாங்கியது, பெல்ட் டிரைவ், ஏசி மோட்டார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 120 வோல்ட் கொடுத்துவிடலாம், ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, இந்த மோட்டாரின் வேகமும் அதைப் பொறுத்துத்தான். நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 28ஐக்கூடத் தொடாது. ஐந்து கட்டை சுருதியில் பாடுகிற அம்மா மூன்று கட்டைக்கு வந்துவிடுவார். மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்க வேண்டும், அதுவும் பெல்ட்டின் தடிமனையும் கணக்கில் சேர்த்து. வெர்னியரில் அளந்து படம் போட்டு கிண்டியில் ஒரு லேத்காரரிடம் கொடுத்திருக்கிறேன். "அலுமினியமா, பித்தளையா?" என்று கேட்டார். பித்தளை என்று சொல்லியிருக்கிறேன்.