சாயங்காலம் 260, விடியற்காலை 180

அம்மாவுக்கு வீசிங் முற்றிப்போய் சேர்த்த மூன்றாவது நாள் சாயங்காலம். ஆக்சிஜனை எடுத்து ஆறு மணி நேரம் ஆகியும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கிளிப்பில் 96 காட்டுகிறது, இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார், பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் ஊர்க்கதை வேறு. அப்பா பையைக் கட்டியே விட்டார். டாக்டர் மட்டும் காலையில் பார்க்கலாம் என்றார். பில்லை ஏற்றத்தான் இழுக்கிறார்கள் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். போன வருடம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் அனுப்பியபோது சந்தோஷமாகக் கூட்டிப் போய், இரண்டாம் நாள் ராத்திரி ஆட்டோ பிடித்துத் திரும்ப ஓடியதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய், ஓங்கி ஊதினால் மூச்சின் வேகத்துக்கு ஏற்ப முள் நகரும். உடம்பு நன்றாக இருக்கும்போது அம்மா 320 ஊதுவார், நல்லவேளை பழைய ஃபைலில் குறித்திருந்தது. அதில் முக்கால் பங்கு, அதாவது 240, வர வேண்டும், காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் 260. பாஸ்தானே சார் என்றேன். ஆஸ்துமாவில் விடியற்காலைதான் மூச்சுக்குழாய் அதிகம் சுருங்கும், அந்த நேரத்துக் கணக்கைப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். ஐந்து மணிக்கு நர்ஸ் எழுப்பி ஊத வைத்தார். 180. அம்மா இருமிக்கொண்டே, "நான் நல்லாத்தான இருக்கேன்" என்கிறார்.

சரி, இன்னொரு நாள். மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசரை நிறுத்திவிட்டு, வீட்டில் என்ன எடுக்கப் போகிறாரோ அந்த இன்ஹேலரையே கொடுத்து, நாலு மணி நேர இடைவெளி தாங்குகிறாரா என்று பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, நாலு வருடமாக அம்மா முதலில் அமுக்கிவிட்டு அப்புறம் சாவகாசமாக மூச்சை இழுத்திருக்கிறார், மருந்து பாதி வாயோரமாகப் புகை போல வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது! நர்ஸ் இன்ஹேலர் முனையில் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி, மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை பிடி, ஸ்டீராய்டு பஃப்புக்கு அப்புறம் வாய் கொப்பளி என்று மூன்று தடவை செய்ய வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை 250. ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை நாள் என்று எழுதி, இரண்டு நாளில் வந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள். 160க்குக் கீழே போனால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டுமாம்.

இப்போது காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அம்மா தினமும் ஊதிக் குறிக்கிறார். நேற்று மட்டும் காலி. கேட்டால், பால்காரர் வரவில்லையாம்.